தேவை என்ற கட்டம்

இங்கிலாந்தின் ஃபைலி ஊரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் ஹேசல் ஸ்டோன்ஹவுஸ் இருபத்தாறு வருஷமாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள்: இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் வாயைத் திறக்காதீர்கள். பத்திரத்தில் ஓட்டை இருந்தால் அதற்குக் காப்பீடு எடுக்கலாம். ஆனால் யாரால் தகராறு வருமோ அவரிடமே போய்ப் பேசிவிட்டால், தூங்குகிறவரை எழுப்பிவிட்டீர்கள் என்று கம்பெனி கையை விரித்துவிடும். நல்லெண்ணத்தில் பக்கத்து வீட்டுக்குக் கேக் கொண்டுபோய்க் காரியத்தைக் கெடுத்துக்கொண்ட புண்ணியவான்கள் எத்தனையோ பேர்.

இப்போது அவளே வீடு வாங்குகிறாள். அதற்குப் போகும் சந்து பக்கத்து வீட்டுக்குச் சொந்தம். அதில் நடக்க உரிமை உண்டென்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. காப்பீடு இல்லாமல் வங்கி கடன் தராது. பக்கத்து வீட்டுக்காரி வேறு யாருமில்லை, ஹேசலின் கூடப்பிறந்த அக்கா வினிஃப்ரெட்தான். அம்மாவை அடக்கம் செய்த அன்று, ஹாம் சாண்ட்விச் தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வார்த்தை தடித்துப்போனது. பதினோரு வருஷம் ஓடிவிட்டது. ஊரில் வேறு வீடா இல்லை? அந்த வீட்டிலிருந்து பார்த்தால் அக்காவின் சமையலறை ஜன்னல் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

அவள் அலுவலகத்து வக்கீல் காலின் படிவத்தோடு எதிரே உட்கார்ந்தார்.

“பக்கத்து வீட்ல பேசினியா?”

“பதினோரு வருஷமா பேசலை.”

“பேஷ். கம்பெனிக்கு இது ரொம்பப் பிடிக்கும்.” பக்கத்தைத் திருப்பினார். “இந்தப் பாலிசியை எடுத்துக்கோன்னு நான் சொல்லக் கூடாது. உன் தேவை என்னன்னு கேட்டு எழுதணும். விதி.”

“அந்த ஃபாரத்தை டைப் பண்ணினதே நான்தான், காலின்.”

“அப்போ சொல்லு. உனக்கு என்ன வேணும்?”

ஆயிரம் பேரிடம் அவள் கேட்ட கேள்வி. அவளை யாரும் கேட்டதில்லை.

“எனக்கு எங்க அக்கா வேணும்.”

காலின் பேனாவைக் கீழே வைத்தார். “பேசினா இன்சூரன்ஸ் போச்சு. அப்புறம் சந்துல நடக்கலாம்னு அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் வீடு. மாட்டேன்னுட்டா?”

“மாட்டேன்னு சொல்றதையாவது அவ குரல்ல கேக்கறேனே.”

ஹேசல் மேசைப் போனை இழுத்தாள். நம்பர் மறந்திருக்கவில்லை. மூன்றாவது மணியில் “ஹலோ” என்றது அந்தக் குரல். ஹேசல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“மூச்சு விடறதுலயே தெரியுதுடி நீதான்னு,” என்றாள் வினிஃப்ரெட். “அந்த வீட்ல விற்பனைப் பலகை மாட்டின நாள்லேர்ந்து ஜன்னல்லயே நிக்கறேன். வீடு பாக்கவாவது நீ வருவேன்னு.”

காலின் பேனாவை எடுத்து, ‘அண்டை வீட்டாரிடம் பேசியதில்லை’ என்ற வரியை அடித்தார்.