கதவுக்குப் பின்னால் இருந்த பைப்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அண்ணன், அவர் மனைவியான அண்ணி, மோட்டார் போட வந்த ஓனரம்மா. அவ்வளவுதான். பிறகு ஸ்டேஷனில் விசாரித்தபோது எங்கள் லைன் வீடுகளிலிருந்து ஒன்பது பேர் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள். அதில் ஒருவர் அன்று ஊரிலேயே இல்லை, சாமல்பட்டிக்கு அறுப்புக்குப் போயிருந்தார். என் மகள் ட்யூஷனில் இருந்தாள். அவள் பார்க்கவில்லை என்பதற்கு இன்றைக்கும் சாமிக்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.

நான் பயந்த சுபாவம். கம்பெனி பஸ் ஏறிய பிறகு, கேஸைத் திருகி மூடினேனா என்று ஓனரம்மாவுக்குப் போன் போட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்வேன். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே மூடித்தான் இருக்கிறது என்பார். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டால்தான் மனசு அடங்கும். எட்டாவதோடு படிப்பை விட்டவள், கார்மெண்ட்ஸில் பட்டன் வைக்கிறவள், இதையெல்லாம் எழுதுவதற்கே எத்தனையோ நாள் யோசித்தேன்.

ஜூஜுவாடியில் எங்கள் வரிசையில் ஆறு வீடு. இரண்டு வீட்டுக்கு ஒரு வால்வு, எங்கள் வாசலுக்கும் அண்ணன் வாசலுக்கும் நடுச்சுவரில். வலப்பக்கம் திருப்பினால் எங்கள் டிரம்முக்குத் தண்ணீர் ஏறும், இடப்பக்கம் திருப்பினால் அவர்கள் டிரம்முக்கு. ஓனரம்மா காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி மோட்டார் போடுவார். யாருடைய ஆம்பிளை முதல் ஷிப்டோ அந்த வீட்டுக்குச் சாயங்காலத் தண்ணீர். இரண்டாம் ஷிப்டுக்காரர் வீட்டுக்குக் காலைத் தண்ணீர். என் வீட்டுக்காரரும் அண்ணனும் எப்போதும் எதிரெதிர் ஷிப்ட். இரண்டு வருஷம் ஒரு வார்த்தை உரசல் இல்லாமல் ஓடியது.

அந்த மாதம்தான் என் வீட்டுக்காரர் கம்பெனி மாறினார். பழைய இடத்தில் திங்கட்கிழமை ஷிப்ட் மாறும். புதிய இடத்தில் ஞாயிறே வாரம் தொடங்கிவிடும். எங்கள் கணக்கில் அன்றைக்கு வாரம் மாறிவிட்டது, சாயங்காலத் தண்ணீர் எங்களுக்கு. அண்ணன் கணக்கில் இன்னும் பழைய வாரம், தண்ணீர் அவர்களுக்கு. இரண்டு பேருக்கும் நியாயம் தங்கள் பக்கம் என்று அத்தனை நிச்சயம். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் வால்வை வலப்பக்கம் திருப்பினார். அண்ணன் வந்து இடப்பக்கம் திருப்பினார். மறுபடி வலம், மறுபடி இடம். அண்ணி வீட்டுக்கு அன்று விருந்தாளிகள் வருவதாக இருந்தது, சிங்க்கில் பாத்திரம் குவிந்து கிடந்தது. தண்ணிக்குக்கூடக் கம்பெனி மாத்துவாங்களா என்று அண்ணி உள்ளிருந்து ஒரு குத்தல் விட்டார். என் வீட்டுக்காரரும் சும்மா இருக்காமல், உங்க வீட்ல காலண்டர் கிழிக்கிற பழக்கம் இல்லியா என்றார். ஓனரம்மா கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். இரண்டு பேரையும் தெலுங்கில் திட்டிக்கொண்டே மோட்டாரை நிறுத்த ஓடினார்.

அண்ணன் உள்ளே போய் ஸ்பேனர் எடுத்து வந்தார். வால்வின் கைப்பிடியையே கழற்றிவிடப் போகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் குறுக்கே கை வைத்தார். அண்ணன் தள்ளினார். தரை ஈரம். என் வீட்டுக்காரர் வழுக்கி எங்கள் வாசலுக்குள் மல்லாந்து விழுந்தார். அண்ணன் எங்கள் வாசற்படியில் ஒரு கால் வைத்துக் குனிந்தார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

நான் கதவுக்குப் பின்னாலிருந்த இரும்புப் பைப்பை எடுத்து அவர் வலது மணிக்கட்டில் அடித்தேன்.

ஒரே அடிதான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அண்ணன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரை ஆட்டோவில் ஏற்றியது என் வீட்டுக்காரர்தான், பின்மண்டை வீங்கிப்போன அதே ஆள். காசில்லாமல் பார்க்கிற இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கே ஓடினோம். எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருந்தது. அடிதடி என்றால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

ஸ்டேஷனுக்கு வரச் சொன்ன நாள் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கேஸ் என்று எழுதிவிட்டால் கம்பெனியில் வைத்துக்கொள்வார்களா, ஜெயில் என்றால் மகளை யார் பார்ப்பது என்று இதே யோசனை. ஓனரம்மா எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். வாசலில் கிடந்த ஏதோ ஒன்றைப் பதற்றத்தில் எடுத்து அடித்தேன் என்று சொல்லு, தற்காப்பு ஆகிவிடும் என்றார். ஆனால் அந்தப் பைப் வாசலில் கிடக்கவில்லை. மாடிப்படிக் கைப்பிடிக்கு வெட்டியதில் மிஞ்சிய ஒரு முழத் துண்டு. என் வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்ட் போகிற ராத்திரிகளில் திருடன் வந்தால் என்ன செய்வது என்று நான்தான் கேட்டு வாங்கிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினேன். ஒரு வருஷமாக அது அங்கேதான் இருந்தது. வீடு பெருக்கும்போதெல்லாம் எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைப்பேன்.

ஸ்டேஷனில் முதலில் அண்ணனைக் கேட்டார்கள். கையில் மாவுக்கட்டு. பக்கத்தில் அண்ணி, என் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் நான் முடிந்தேன்.

"நான்தான் சார் மொதல்ல தள்னேன். அவுங்க வாசப்படில கால் வெச்சதும் நான்தான். ஸ்பேனர் கைல இருந்துச்சி. அந்தம்மா பயந்துகிச்சி," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, யாரும் கேட்காமலே, பைப்பை ஒரு வருஷமாகக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார்.

"எம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. தற்காப்புக்கு வெச்சிருந்தியா, அடிக்க வெச்சிருந்தியா?"

"பயத்துக்கு வெச்சிருந்தேன் சார்."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு 'பயத்தின் காரணமாக' என்று எழுதினார். எழுதியதை நான் எழுத்துக் கூட்டி வரி வரியாகப் படித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு தரப்பும் கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அண்ணன் இடது கையால் போட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஓனரம்மா கேட்டுக் கேட்டு இந்த ஷிப்ட் மாறும் கிழமைச் சமாச்சாரத்தைக் கண்டுபிடித்தார். அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "த்தூ, இதுக்கா," என்றார் அண்ணன். இப்போது யார் எந்த ஷிப்ட் என்று ஓனரம்மாவே வாராவாரம் வால்வுக்கு மேலே சாக்பீஸால் எழுதிவிடுகிறார்.

ஆஸ்பத்திரிச் செலவு நாற்பத்தெட்டாயிரம் ஆனது. முழுசும் கொடுத்துவிடுகிறேன், சீட்டு எடுக்கிறேன் என்று நான் போய் நின்றேன். அண்ணன் வேண்டாம் என்றார்.

"பாதி என்னுதும்மா. தூக்கி உடத்தான் குனிஞ்சனா, இன்னொண்ணு வெக்கத்தான் குனிஞ்சனான்னு எனக்கே தெரியல. தெரிஞ்சா முழுசா வாங்கிக்குவேன்."

நான் அடித்தது தப்பா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்கும் தெரியாது. அவர் குனிந்தது எதற்கென்று அவருக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? அவர் தூக்கிவிட வந்திருந்தால் நான் செய்தது பாவம். அடிக்க வந்திருந்தால் என் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பது என்னால். இரண்டையும் நினைத்துக்கொண்டே பட்டன் வைக்கிறேன். பைப்பைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். கதவுக்குப் பின்னால் இப்போது துடைப்பம் இருக்கிறது. பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் இரவில் சத்தம் கேட்டால் சுவரைத் தட்டும்மா என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை தட்டினேன், பூனைதான். அவர் திட்டாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

என் பங்குப் பாதிக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு, சம்பளம் வந்த மறுநாள் அண்ணி கையில் கொடுத்துவிடுவேன். அண்ணி ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. வாங்கி எண்ணி உள்ளே போய்விடுவார். ஏழாம் மாதம், "சாப்ட்டியா?" என்று கேட்டார். போன மாதம் அண்ணன், கை நல்லாத்தான் இருக்கு, மிச்சத்தை விட்டுடலாம் என்றார். அண்ணி ஒப்பவில்லை. "அவ அடிச்சா, அவ குடுக்கட்டும். குடுத்து முடிச்சாதான் அவளுக்கும் தூக்கம் வரும்," என்றார். என்னை இவ்வளவு தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. அண்ணனுக்குச் சொல்கிற நன்றியைவிட ஒரு படி அதிகமாகவே அண்ணிக்குச் சொல்ல வேண்டும்.

பதினோரு மாதம் கட்டியாகிவிட்டது. இன்னும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.