லேசான கூலிங்

அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'கூலிங்' என்றால்தான் தெரியும். முப்பது வருடமாக ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுது பார்ப்பவர். கம்ப்ரஸர்மேல் காதை வைத்தால் போதும், என்ன கோளாறென்று சொல்லிவிடுவார். அப்புறம் மீட்டரை எடுத்து நீட்டுவதெல்லாம் வீட்டுக்காரர்களின் திருப்திக்காக.

இளமையில் ஐஸ் கம்பெனி ஒன்றில், காதில் பஞ்சுகூட வைக்காமல் ஐந்தாறு வருடம் வேலை பார்த்த வினை, ஐம்பதைத் தொட்டபோது காது கைவிட ஆரம்பித்தது. அதிலும் ஒரு வேடிக்கை. போனதெல்லாம் மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான். காலிங் பெல் போயிற்று, குக்கர் விசில் போயிற்று, மனைவியின் பேச்சும் போயிற்று. கம்ப்ரஸரின் 'ம்ம்ம்' மட்டும் வலது காதில் அட்சர சுத்தமாகக் கேட்டது.

"குடுத்து வெச்சவரு!" என்றார் மாடிவீட்டுக்காரர். சிரிக்காதது மனைவி மட்டும்தான். தையல் தைப்பவள். சொல்ல வேண்டியதைத் துணி வெட்டும் மேஜையில் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டிக் காட்டி, பேசுவதையே பாதியாகக் குறைத்துவிட்டாள். அவளேதான் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

இடது காதில் பலன் இருக்காது, வலது காதுக்குள் கருவி வைக்கலாம், பேச்சு கேட்கும் என்று டாக்டரம்மா எழுதிக் காட்டினார். கீழே இன்னொரு வரியும் எழுதினார்: உள்காதுக்குள் மின்கம்பி நுழையும்போது, இப்போது மிச்சமிருக்கிற கேட்கும் திறன் போனாலும் போகலாம்.

கூலிங் எழுந்துவிட்டார். "அப்ப வேண்டாம்."

அந்த 'ம்ம்ம்' போய்விட்டால் தான் யாருமே இல்லை என்று அவருக்கு உண்மையிலேயே பயம். ஆனால் மனைவியின் முகம் போன போக்கை அவர் கவனிக்கவில்லை. டாக்டரம்மா கவனித்தார். அவசரமாக இன்னொரு தாளை எடுத்தார். காப்பாற்றப் பார்க்க ஒரு வழி உண்டு, இன்னும் ஆய்வில் இருப்பது, உறுதி தர முடியாது என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் கொட்டை எழுத்தில் முடித்தார்: 'ஆபரேஷன் சமயத்தில் உள்காதுக்கு லேசான கூலிங்.'

அவருக்குச் சுருக்கென்றது. முப்பது வருடத்தில் அவர் கேட்ட வசவுகளில் முக்கால்வாசி 'கூலிங் லேசாத்தான் இருக்கு' என்றுதான் ஆரம்பித்திருக்கின்றன.

"லேசான கூலிங்னா கேஸ் லீக்குன்னு அர்த்தம் டாக்டர்! எத்தனை டிகிரி கொறைப்பீங்க?"

நாலைந்து என்று டாக்டரம்மா விரலைக் காட்டினார்.

"நாலஞ்சா? எனக்கே காது குத்துறீங்களா?"

'அதுக்குத்தானே வந்திருக்கீங்க' என்று எழுதினார் டாக்டரம்மா.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் விடவில்லை. இருபது டிகிரி குறைக்கச் சொல்லி மன்றாடினார். ரொம்பக் குளிர்ந்தால் அதுவே காதைக் கெடுத்துவிடும் என்று பதில் வந்தது. 'ஃப்ரிட்ஜை ஏழாம் நம்பர்ல வைக்காதீங்க, ஐஸ் கட்டிக்கும்' என்று வீடு வீடாகப் பாடம் நடத்துகிறவர் அவர்தானே! கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில், காதைக் குளிரவைக்கிற அந்த மெஷினுக்கு யார் சர்வீஸ் என்றும் விசாரித்தார்.

ஆபரேஷன் முடிந்தது. கருவியை முடுக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை யார் பொறுப்பது? கட்டுப் பிரித்த அன்றே வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்து வலது காதை வைத்தார். கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் இருந்தது! "போகலடி! போகல!" என்று குழந்தை மாதிரி அழுதார். குளிர்ச்சிதான் காப்பாற்றியதா, அவர் அதிர்ஷ்டமா என்று டாக்டரம்மாவே அடித்துச் சொல்லவில்லை. அவருக்குச் சந்தேகமே இல்லை. வீடு வீடாகப் போய்க் கூலிங்கின் பெருமையைச் சொன்னார்.

கருவியை முடுக்கிய நாளில் எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. போகப் போகச் சரியாகும் என்றார்கள். அவர் கவலைப்படவில்லை. வேண்டியதுதான் கையில் இருக்கிறதே!

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், வழக்கம்போல ஃப்ரிட்ஜில் காதை வைத்துச் சுகமாகக் கண்ணை மூடியிருந்தார். முதுகுக்குப் பின்னால் மனைவி துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கேட்காது என்கிற பழக்கத்தில், துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நானும் ஒரு கம்ப்ரஸராப் பொறந்திருக்கலாம்."

ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அவர் மெதுவாகத் திரும்பினார்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லை," என்றாள்.

அதுவும் நன்றாகவே கேட்டது.