அர்டித் உழாத நிலம்

அர்டித் நிக்கலும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கன்சாஸில் எங்கள் ஊர்ப் பக்கம் அவளைப் போல முரண்டு பிடித்தவள் இன்னொருத்தி கிடையாது. புருஷன் வில்லிஸ் இறந்த வருடம், ஒரே மழையில் அவள் வயலின் மேல்மண் கரைந்து ரோட்டோரப் பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே நாற்பது ஏக்கரில் என்னவோ ஒரு கோதுமைப்புல்லை விதைத்தாள். வரிசைக்கு நடுவே மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால். அதன்பின் அங்கே கலப்பையே இறங்கவில்லை.

நான் என்ன நினைத்தேன்? ஆள் துணை இல்லாதவள், உழ முடியாமல் போட்டுவிட்டாள், உதிர்ந்த விதையில் தானாக முளைத்ததை அறுத்துக்கொள்கிறாள் என்று. என் வாய் சும்மா இருக்குமா?

“என்ன அர்டித், இந்த வருஷமும் களை அமோகம் போல?”

“ஆமா கேலன். உன் மாட்டுக்கும் வேணும்னா சொல்லு, ரெண்டு கட்டு அனுப்பறேன்.”

நாலு வருடம் இப்படியே ஓடியது. இந்த ஜூலையில் மாடு இடித்துத் தள்ளி அவள் இடுப்பெலும்பு முறிந்தது. எங்கள் தேவாலயச் சபையில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் போய் அறுத்துக் கொடுப்போம். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. அந்த நாற்பது ஏக்கருக்கு ஐந்து அறுவடை எந்திரங்கள் போயின. மத்தியானத்துக்குள் தானியம் வீடு சேர்ந்தது. அறுத்த தாளடியில் மட்டும் பச்சை மண்டிக் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வந்தது வந்தோம், உழுதும் கொடுத்துவிடுவோம் என்று சட்டிக் கலப்பையை இறக்கினேன். ஒருவரும் தடுக்கவில்லை. கோதுமை அறுத்த கையோடு உழுவதுதானே எங்கள் பழக்கம்.

சாப்பாடு கொண்டுவந்த அவள் தங்கை லோரின், ஹாரன் அடித்து என்னைக் கூப்பிட்டாள். வயலைப் பார்த்ததும் கத்தினாள்.

“அட பாவி மனுஷா! ஒரு தடவை விதைச்சா வருஷா வருஷம் அதுவே தழைக்கிற பயிரு அது! அவ மாடுங்க இனி எதை மேயும்?”

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“எத்தனை ஏக்கர்?” என்றாள்.

“ஒன்பது.”

“மிச்சத்த விட்டியே, ஏன்? புரிஞ்சுபோச்சா?”

“இல்ல. லோரின் சாப்பிடக் கூப்பிட்டா.”

இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அழுதுவிட்டாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

“நாலு வருஷமா மழையில ஒரு பிடி மண்ணு கரையல கேலன். வேலியோரம் நின்னு நக்கல் பண்ணினியே, இது என்னன்னு ஒரு நாள் கேட்டியா?”

“கேக்கல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“நான்தான் உழச் சொன்னேன்னு சொல்லிடறேன். நீ வாயத் திறக்காத. இது தெரிஞ்சா, அடுத்தவன் படுத்துக்கிட்டா கை கொடுக்க எல்லாரும் பயப்படுவாங்க.”

ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றேன். “அர்டித் உழச் சொல்லல. கேக்காம உழுதவன் நான். அவ மாடுங்களுக்குக் குளிர்காலத்துக்குத் தீவனம் பத்தாது,” என்றேன்.

அந்த வாரம் அவள் கொட்டகை குதிரைமசால் கட்டுகளால் நிறைந்தது. முதல் வண்டி என்னுடையது. பின்னால் ஆறு வண்டிகள். எங்கே இறக்கட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்காமல் ஒருவர்கூட வரவில்லை.