நாற்பத்தொரு மில்லிமீட்டர்

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது டேப் வைத்து அளந்தது. அளந்தவர் பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவர். என் மனைவியின் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை. 5.10க்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். டீ போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். எட்டு மாதமாக இதே வரிசைதான். 5.40க்கு மச்சானின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பைக்கின் இரும்புச் சட்டம் முறிந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி போய்விட்டாள்.

பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் இரண்டு ஷாக்கையும் கழற்றிவிட்டு, நடுவில் ஒற்றை ஷாக் மாட்டியது நான்தான். அப்படி மாற்றினால் பாரம் முழுக்க ஒரே குறுக்குக் குழாயில் இறங்கும். அதற்கு இருபுறமும் முக்கோணத் தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டேன். எல்லோரிடமும் பள்ளம் என்று சொன்னேன். பள்ளத்தில் விழுந்துதான் சட்டம் உடைந்தது என்று.

வண்டியைச் சரிபண்ணி விற்றுவிடலாம் என்றார் மச்சான். விபத்து நடந்த வாரமே முறிந்த குழாயை வெட்டியெடுத்து, மேலும் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவித் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. புதுக் குழாய், தகடுகள் எல்லாம் முந்தின நாளே பற்றவைத்தாகிவிட்டது. இனி ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

முன்சக்கரத்தைத் தாங்கியில் இறுக்கினோம். மச்சான் பின்னால் குந்தி டேப்பைப் பிடித்தார்.

வெறும் வண்டி... 12 மில்லிமீட்டர். சரி.

நான் ஏறினேன். 29 வர வேண்டும்.

“நாப்பத்தொண்ணு.”

“சரியாப் பாருங்க மச்சான்.”

“பாத்துட்டேன். துக்கத்துல உடம்பு இளைக்கும்பாங்க. உங்களுக்கு ஏறுதே மாப்பிள்ளை.”

நான் சிரிக்கவில்லை. ஷாக் மாட்டிய புதிதில் அளந்திருக்கிறேன். நான் மட்டும் என்றால் 29. அவளும் ஏறினால் 41. அந்த எண் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பின்னால் கையை வைத்து அழுத்துகிறாரோ? சட்டென்று திரும்பினேன். இரண்டு கையும் டேப்பில் இருந்தன. என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

“குதிச்சு வெளையாடுறீங்களா?”

“நீங்க ஏறுங்க.”

அவர் ஏறினார். 33. அவர் எடைக்குச் சரி.

மறுபடி நான். 41.

இறங்கினேன். வண்டி மேலே எழும்பியது...

12க்கு வராமல் பாதியில் நின்றது.

24.

மணி 6.04. சீட்டின் பின்பாதி குழிந்திருந்தது. ஒருபக்கமாக உட்கார்ந்தால் விழுகிற குழி.

மச்சான் டேப்பைக் கீழே வைத்தார்.

“அவ கடைசியா என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல.”

க்ர்ர்ர்... ஷாக் இன்னும் அமுங்கியது.

யாரும் தொடவில்லை.

வெளியே ஓடிவந்தோம்.

11.20க்கு மச்சான் போன் செய்தார். பூட்டி வைத்திருந்த குழாயை எடுத்து, முறிந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தாராம்.

“முக்கால்வாசி முறிவுல பழைய துரு. பள்ளத்துல ஒடைஞ்சா பளபளன்னு இருக்கும். இது விழறதுக்கு ஒரு மாசம் முந்தியே விரிசல் விட்டிருக்கு, மாப்பிள்ளை. பின்னாடி உக்காந்தவளுக்கு ஆட்டம் தெரியாமயா இருந்திருக்கும்?”

 அவர் போனை வைக்கவில்லை.

கடைசியில் சொன்னேன். சட்டம் முறிந்த பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் என் தோளைத் தட்டியதை. இன்னும் கொஞ்ச தூரந்தான், பேசாம உட்காரு என்று நான் அதட்டியதை. அதற்கு முன் அவள் சொன்னதை.

“நிறுத்துங்க... நான் இங்கயே எறங்கிக்கிறேன்.”