மாற்றி வாங்கிய எண்

என் பையனின் படிப்புக் கஷ்டத்துக்கு டாக்டர் ஒரு எண் எழுதிக் கொடுத்தார். அது வேண்டாம் என்று அழுது, வேறு எண் வாங்கி வந்தவள் நான்தான். யார் பேச்சைக் கேட்டு அப்படிச் செய்தேன் என்று எழுதாமல் இருக்க முடியவில்லை. கடைசியில் அவன் பத்தாவது பாஸ் செய்துவிட்டான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவு தெரியாமல் ஒன்றைப் படித்தால் எனக்கு மூச்சு முட்டும்.

அவன் அப்போது ஆறாவது. பாடத்தை ஒருமுறை காதால் கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஒரு வரியைத் தாண்டுவதற்குள் நெற்றி வேர்த்துவிடும். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுத மற்ற பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் என்றால் இவனுக்கு ஒரு பீரியட் போதாது. "சோம்பேறி" என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். ஒரு டீச்சர் மட்டும், "எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். பயப்படுவதற்குத் தனியாகக் காரணம் வேண்டியதில்லை எனக்கு. கேஸை மூடினேனா என்று திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வரை போனபிறகும் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் போ என்றதும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அம்பத்தூரில் ஒரு குழந்தைகள் கிளினிக். நாலு தடவை வரச் சொல்லி, படிக்க வைத்து, எழுத வைத்து, கட்டைகளை அடுக்க வைத்துப் பார்த்தார்கள். கடைசி நாள் டாக்டர் ஒரு தாளை நீட்டினார். கீழே எஃப் 81.0 என்று இருந்தது.

"பையன் புத்திசாலிம்மா. படிக்கிறதுல மட்டும் ஒரு தடங்கல். பிறவியிலேயே வர்றது. அதுக்குத்தான் இந்த நம்பர். இது இருந்தா பரீட்சையில கூடுதல் நேரம் கிடைக்கும்."

என் காதில் விழுந்தது 'பிறவியிலேயே' மட்டும்.

நேராக மாடிக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு மேல் போர்ஷனில் குடியிருந்தவள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவள். அமெரிக்காவில் யாரோ ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே டாக்டர் எழுதுவதை இங்கே இவள் படித்து, ஒவ்வொரு வியாதிக்கும் அதன் எண்ணைப் போட வேண்டும். அதுதான் வேலை. வீட்டிலேயே இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். அவள் மகளும் என் பையனும் ஒரே வகுப்பு. எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொண்டுவருவாள். "வாத்து கடிச்சாக்கூட அதுக்கு ஒரு நம்பர் இருக்குக்கா. ஆமை கடிச்சா வேற நம்பர்" என்பாள். அவள் சொல்ல நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது. நாளெல்லாம் இதையே பார்க்கிறவள் சொன்னால் தப்பாக இருக்குமா?

தாளைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"எஃப்ல ஆரம்பிக்குதேக்கா."

"எஃப்னா?"

"மனநலம். அந்த வரிசை முழுக்க அதுதான்."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இசட்னு ஒரு வரிசை இருக்குக்கா. அது நோயே இல்ல. இசட் 55.3ன்னா, ஸ்கூல்ல மார்க் கம்மியா எடுக்கிறான், அவ்வளவுதான். அதை எழுதித் தரச் சொல்லுங்க. நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல யாராவது இந்த எஃப்பைப் பார்த்தா என்னாகும்?"

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். ராத்திரி சாப்பாட்டில் சொன்னபோது சிரித்தார்.

"இன்னா, வண்டி நம்பரா அது, மாத்தி வாங்கியார? டாக்டர் சொன்னது பெரிசா, மாடில கீற பொண்ணு சொன்னது பெரிசா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

மறுநாள் டாக்டர் எதிரில் உட்கார்ந்து அழுதேன். அவர் ரொம்ப நேரம் எடுத்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய்ப் பழைய தாளை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். அந்தச் சத்தம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. புதுத் தாளில் இசட் 55.3 எழுதினார்.

"இப்போதைக்கு இப்படி இருக்கட்டும். பத்தாவதுக்கு முன்னாடி கண்டிப்பா அவனைத் திரும்பக் கூட்டிட்டு வரணும். மறந்துடாதீங்க."

நான் மறக்கவில்லை. மறக்கிற ஆளில்லை நான். வழியிலேயே அந்தத் தாளை லேமினேஷன் போட்டு, மூணு ஜெராக்ஸ் எடுத்து, பீரோவில் ஒன்று, தையல் மெஷின் டிராயரில் ஒன்று, பையில் ஒன்று வைத்தேன்.

ஒன்பதாவது முடிகிற சமயம் பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள். மருத்துவச் சான்றிதழ் உள்ள பிள்ளைகள் கொண்டுவந்து கொடுக்கலாம், பொதுத்தேர்வில் சலுகைக்கு எழுதிப் போட வேண்டும் என்று. லேமினேஷன் போட்ட தாளோடு மறுபடி மாடி ஏறினேன்.

"டாக்டர் திரும்ப வரச் சொன்னாரு. போகட்டுமா?"

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினாள்.

"எதுக்குக்கா கிளறிக்கிட்டு? அவன்தான் இப்ப நல்லாப் படிக்கிறானே. போனா திரும்ப அந்த எஃப்தான் போடுவாங்க. இத்தனை வருஷம் காப்பாத்தினது வீணாப் போயிடும்."

வேலை அவசரம், அதனால்தான் திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். சரி என்று இறங்கி வந்துவிட்டேன்.

பத்தாவதில் இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டிக்கொண்டு மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் போனோம், நானும் அவளும். கையில் எலுமிச்சம்பழம். ஆவடி போய், பூந்தமல்லி போய், பஸ் மாறி மாறி, பாதி வழி அவள் தோளில் நான் தூங்குவேன், மீதி வழி என் தோளில் அவள். ஒரு வாரம் சந்நிதியில் அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். வெளியே வந்து, "அப்படி என்னடி கேட்டே அம்மன்கிட்ட?" என்றேன். "ரெண்டு பேரும் பாஸாயிடணும்னுதான்க்கா" என்றாள்.

முதல் பரீட்சை தமிழ். சென்டர் சேக்காட்டில். காலையில் நாலு பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டோம். கொண்டுபோன புளிசாதத்தை இருவருமே தொடவில்லை. ஒன்றே காலுக்கு மணி அடித்தது. பிள்ளைகள் கும்பல் கும்பலாக வந்தார்கள். என் பையனும் வந்தான். விரலெல்லாம் மை. முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

அவள் மகளைக் காணோம்.

"நீங்க கிளம்புங்கக்கா. நான் அப்புறம் வரேன்" என்றாள்.

"அதெப்படி? அவ வரட்டும், சேர்ந்து போலாம்."

"இல்லக்கா, நீங்க போங்க. பையனுக்குப் பசிக்கும்."

கூட்டம் கரைந்தது. கேட்டில் ஆளே இல்லை. காலையில் அந்தப் பெண் ஒரு இட்லிதான் சாப்பிட்டது. பெற்றவள் கல் மாதிரி நிற்கிறாளே என்று நான்தான் வாட்ச்மேனிடம் ஓடினேன்.

"அண்ணே, ஒரு பொண்ணு இன்னும் வெளிய வரலண்ணே. உள்ள எங்கயாவது மயங்கி கியங்கி விழுந்திருக்கப் போறா, கொஞ்சம் போய்ப் பாருங்களேன்!"

"இன்னாத்துக்குமா இப்டி பதர்றே? உள்ள ஒரு ரூம்ல நாலஞ்சு புள்ளைங்க எய்திகினு கீது. அதுங்களுக்கு ஒன் அவர் எக்ஸ்ட்ரா. ரெண்டே காலுக்குத்தான் உடுவாங்க."

திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் போய் நின்றேன். கோபம்கூட வரவில்லை.

"எப்ப வாங்கினே?"

"எட்டாவதுல."

"எஃப்பா?"

தலையை ஆட்டினாள்.

"என்ன நம்பரு?"

"உங்க பையனுக்கு முதல்ல போட்டதேதான்க்கா."

எட்டாவதில். அப்படியென்றால் ஒன்பதாவதில் நான் தாளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியபோது அவளிடம் அது இருந்திருக்கிறது, அநேகமாக அந்த மேஜை டிராயரிலேயே.

"அப்ப ஏன்டி என்னைப் போக வேணாம்னே?"

"பொம்பளப் புள்ளக்கா. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டிக்குவா? உங்களைப் போய் வாங்குங்கன்னு சொன்னா, அது எதுக்கு உதவும்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. நீங்க விடமாட்டீங்க, துருவித் துருவிக் கேப்பீங்க. அதான்..."

"வாத்து கடிச்சா ஒரு நம்பர் இருக்குன்னியே, கூடவே இருந்து கழுத்தறுக்கிறதுக்கு என்ன நம்பர்? அதையும் சொல்லு, எழுதி வாங்கிக்கிறேன்."

அவள் அழுதாள். என் தோளைத் தொட வந்தாள், நான் நகர்ந்துகொண்டேன்.

"அம்மா, போலாம்மா" என்றான் பையன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

ஆட்டோவில் சொன்னான்: "கட்டுரையைத் தொடவே இல்லம்மா. பதில் தெரியும். கேள்வியைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பேப்பரை வாங்கிட்டாங்க."

மறுநாளே கிளினிக்குக்கு ஓடினேன். பழைய டாக்டர் இல்லை. புதிதாக வந்திருந்த டாக்டரம்மா பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, "டெஸ்ட் ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது, நம்பர் வேற சொல்லுது. யார் இசட் போடச் சொன்னாங்க?" என்றார். "நான்தாங்க" என்றேன். வேறு யாரைச் சொல்ல? தாளை நீட்டி அழுதது நான்தானே. அவர் மறுபடி பரிசோதித்து எஃப் 81.0 எழுதினார். அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனால், இந்தப் பரீட்சைக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஹெட்மாஸ்டர் கையை விரித்தார்.

மீதிப் பரீட்சைகளுக்கு வேறு ஆட்டோவில் போனோம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மரத்தடியில் அவள்.

ரிசல்ட் வந்தது. அறிவியலும் சமூக அறிவியலும் போய்விட்டன. அவள் மகள் எல்லாவற்றிலும் பாஸ். அந்தப் பெண் கீழே வந்து, என் பையனிடம் தன் அறிவியல் நோட்டைக் கொடுத்தது. அவன் படியில் உட்கார, அது தட்டுத்தடுமாறி, எழுத்துக் கூட்டிப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டியது. தினமும் ஒரு மணி நேரம் அப்படி நடந்தது. நான் தடுக்கவில்லை. அந்தக் குழந்தை என்ன செய்தது? மாடியில் நின்று அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். மெஷினை வேகமாக மிதித்தேன்.

துணைத்தேர்வுக்குப் புதுத் தாளை வைத்து எழுதிப் போட்டு, ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. அறிவியல் அன்று மற்ற பிள்ளைகள் ஒன்றே காலுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன். அன்று அவள் நின்ற அதே ஒரு மணி நேரம். இரண்டு மணிக்கே அவன் வெளியே வருவதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"இன்னும் கால் மணி நேரம் இருக்கேடா! ஏன் வந்துட்டே?"

"எல்லாம் எழுதிட்டேன்மா. ஒருதரம் சரியும் பார்த்துட்டேன்."

வீட்டு வாசலில் குழாயடியில் அவள் குடத்தோடு நின்றிருந்தாள். பல வாரம் கழித்து வாயைத் திறந்தாள்.

"எப்படி எழுதினான்க்கா?"

பையனை உள்ளே போகச் சொன்னேன்.

"முழுசா எழுதிட்டான். கூடுதலா முக்கால் மணி நேரம்தான் தேவைப்பட்டுச்சாம்" என்றேன். குடம் நிறைந்து தண்ணீர் வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. நானும் மூடாமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.