தொப்பி அன்ரியின் சனிக்கிழமைகள்

குதிரை என்ற சொல் அவருக்கு வரவில்லை. பரமட்டா பூங்காவின் பெரிய புல்வெளியில், ஒரு குளிர்காலக் காலையில், ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி நின்றோம். முன்னொரு காலத்து ஆளுநரின் மனைவி அந்தச் சரிவில் வண்டி கவிழ்ந்து இறந்துபோன கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியை ஆளுநரே ஓட்டினார். மாளிகையிலிருந்து புறப்பட்ட உடனேயே மிரண்டுபோய்க் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கின என்றார். எவை ஓடத் தொடங்கின என்று சொல்லவேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. இரண்டு கைகளும் கடிவாளத்தை இழுப்பதுபோலக் காற்றில் அசைந்தன. வந்தவர்கள் அதை நடிப்பு என்று நினைத்திருக்கக்கூடும். ஒரு பிள்ளை சிரித்தது. நான் அவருக்குப் பின்னால் நின்றபடி, மெல்ல, "ஹோர்ஸஸ்" என்றேன். திரும்பிப் பார்க்காமலே அந்தச் சொல்லை வாங்கித் தன் வாக்கியத்துக்குள் வைத்துக்கொண்டு அவர் கதையைத் தொடர்ந்தார்.

எழுபதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மா அவர். ஓய்வுபெற்ற நூலகர். சனிக்கிழமை காலைகளில் பூங்கா வாசலில் நின்று, வருகிற எவரையும் இலவசமாகக் கூட்டிக்கொண்டு போய் ஊரின் பழைய கட்டடங்களைக் காட்டுவார். வெயிலோ மழையோ, அகன்ற விளிம்பு வைத்த நீலத் தொப்பி தலையில் இருக்கும். எங்கள் வீட்டில் அவருக்குத் தொப்பி அன்ரி என்று பெயர். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தப் பேச்செல்லாம் என் மனதில் எங்களுடைய தமிழிலேயே கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் அங்கே போனது கட்டடங்களுக்காக அல்ல. வவுனியா ஆஸ்பத்திரியில் பல வருடம் தாதியாக வேலை செய்தவள் நான். போர் முடிந்த அடுத்த வருடம், 2010இல், ஏற்கெனவே இங்கே வந்திருந்த என் கணவரிடம் வந்து சேர்ந்தேன். பரமட்டாவுக்குப் பக்கத்தில், நார்த்மீட்டில் ஒரு வாடகை வீடு. அவருக்குக் களஞ்சியசாலை ஒன்றில் வேலை. எனக்கு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. அந்த விரிப்புகளில் படுத்திருந்தவர்களைப் பராமரிக்கத் தெரிந்த எனக்கு, அவர்களின் அறைக்குள் போகும் உரிமை இல்லை. அதற்கு இந்த நாட்டில் தாதியாகப் பதிவுசெய்ய வேண்டும். பதிவுக்கு ஆங்கிலப் பரீட்சை சித்தியடைய வேண்டும். வாசிப்பும் எழுத்தும் வந்துவிட்டன. பேச்சுப் பகுதிதான் என்னைத் திரும்பத் திரும்ப விழுத்தியது. எதிரே ஒருவர் இருந்து ஒரு கேள்வி கேட்டால் படித்த ஆங்கிலமெல்லாம் மறந்துவிடும். மருந்தின் பெயரெல்லாம் தெரிந்தவளுக்கு, "உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்குப் பதில் வராது.

முதல் சனிக்கிழமை தற்செயலாகத்தான் அந்தக் கூட்டத்தோடு நடந்தேன். கால்வாசிதான் விளங்கியது. அடுத்த கிழமையும் போனேன். அவர் அதே இடத்தில் நின்று, அதே கதையை, கிட்டத்தட்ட அதே சொற்களில் சொன்னார். அப்போதுதான் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் புதிய ஆங்கிலம் வந்து காதைத் தாண்டி ஓடிவிடும். இங்கே ஒரே ஆங்கிலம் கிழமைக்குக் கிழமை திரும்பி வந்து, நான் பிடிக்கும்வரைக்கும் காத்து நிற்கிறது. ஆற்றங்கரையில் தொடங்குவார். பரமட்டா என்ற பெயரே விலாங்கு மீன் கிடக்கிற இடம் என்று பொருள்படும், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஆதிக்குடிகள் இந்தக் கட்டடங்களுக்கெல்லாம் முன்னால் இங்கே இருந்தவர்கள், இன்றும் இருக்கிறார்கள் என்பார். பிறகு வெள்ளைச் சுவர்களோடு மேட்டில் நிற்கும் ஆளுநர் மாளிகை. இங்கே நாடுகடத்தப்பட்ட ஆங்கிலேயக் கைதிகள் வெட்டிய மணற்கல்லில் வளைந்து நிற்கும் பாலம். இரட்டைக் கோபுரத் தேவாலயம். கடைசியாக, ஆற்றின் மறுபக்கத்தில், கப்பலில் கொண்டுவரப்பட்ட பெண் கைதிகளை அடைத்து வைத்து வேலை வாங்கிய இடத்தின் உயரமான மதில். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அவருடைய வாக்கியங்களை அவருடைய ஏற்ற இறக்கத்தோடு எனக்குள் சொல்லிப் பார்ப்பேன்.

"நீர் ஏன் கிழமைக்குக் கிழமை அதையே போய்க் கேக்கிறீர்? கல்லும் மதிலும் மாறவே போகுது?" என்பார் என் கணவர்.

"கல்லு மாறாதப்பா. எனக்குத்தான் ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கூட விளங்குது."

அவர் சிரித்துவிட்டுச் சனிக்கிழமைச் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்; அவருடைய பருப்புக் கறியில் உப்பு எப்போதும் கூடுதலாக இருந்தபோதும்.

குதிரைக்குத் திரும்புகிறேன். நினைவுத்தூண் போன்ற, அன்றாடம் புழங்காத ஒரு சொல் ஒருவருக்கு வராமல் போனால் அது வயது. குதிரை என்ற சொல்லே வராமல் போனால் அது வேறு. வார்ட்டில் அப்படிப் பலரைப் பார்த்தவள் நான். அன்றிலிருந்து அவர் பேச்சைப் படிப்பதை விட்டுவிட்டு அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். பாலத்தடியில் ஒரு சொல், தேவாலயத்தில் ஒரு சொல் என்று விழுந்துகொண்டிருந்தன. நானும் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சனிக்கிழமை நடை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவர் என்னிடம் நேரே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நான் உங்களிட்ட உதவி கேட்டனானோ?"

அவர் தொப்பியை இழுத்துச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். அவர் வாசலில் தனியாக நின்றார். மழை தூறியதால் வேறு எவரும் வரவில்லை. என்னைக் கண்டதும், "போன கிழமை நடையைப் பாதியிலேயே முடிச்சுப்போட்டன்" என்றார். "ஆக்களிட்ட எனக்குத் தலையிடி எண்டு பொய் சொன்னனான்." ஆற்றங்கரை மர வாங்கில் ஒரு குடையின் கீழ் இருவரும் உட்கார்ந்தோம். அவர் மனிதர்களிடம் உதவி கேட்டுப் பழகாதவர் என்பது எனக்கு அன்று விளங்கியது. கேட்கும் விதத்தையே அவர் அந்த வாங்கில் வைத்துத்தான் கண்டுபிடித்தார். "நீங்கள் எனக்குப் பக்கத்தில, வலப்பக்கம் நில்லுங்கோ. நான் தொப்பியைத் தொட்டா மட்டும் சொல்லுங்கோ. தொடாட்டி, நான் தேடிக்கொண்டிருக்கிறன் எண்டு அர்த்தம். தேட விடுங்கோ."

அப்படியே நடந்தோம், வசந்தம் வரைக்கும். அவர் தொப்பியைத் தொடுவார்; நான் சொல்லைக் கொடுப்பேன். அவர் தொடாத நேரங்களில் பேசாமல் நிற்பதுதான் கடினமாக இருந்தது.

ஒருநாள் பெண் கைதிகளின் மதிலருகே, ஓர் இளம் பெண், வயிற்றில் பிள்ளையோடு வந்தவள், ஒரு கேள்வி கேட்டாள். உள்ளே இருந்த பெண்களுக்குப் பிள்ளை பிறந்தால் யார் பிரசவம் பார்த்தார்கள்? அது வழக்கமான கதையில் இல்லாத கேள்வி. அவர் தொப்பியைத் தொட்டார். கொடுப்பதற்கு என்னிடம் ஒற்றைச் சொல் எதுவும் இல்லை. அவர் என் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "இவ என்ர சக ஊழியர். தாதி. இவ சொல்லுவா."

இந்த நாட்டில் என்னைத் தாதி என்று பிறர் முன்னால் சொன்ன முதல் ஆள் அவர்தான். வழக்கம்போல ஆங்கிலம் மறந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். மறக்கவில்லை. அங்கே பிரசவத்துக்கென்று ஒரு பகுதி இருந்தது என்று அவர் முன்பொருமுறை எனக்குச் சொன்னதைச் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மருந்தும் வைத்தியரும் இல்லாத இடங்களில் பெண்கள்தான் பெண்களுக்குப் பிள்ளை பெறுவிக்கிறார்கள். சுடுதண்ணீரும் சுத்தமான துணியும் பயப்படாத ஒரு முகமும் இருந்தால் நிறையச் செய்யலாம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன், எறிகணை விழுந்த நாட்களில். இலக்கணம் எங்கெல்லாமோ வழுக்கியிருக்கும். அந்தப் பெண் தன் வயிற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். தொப்பி அன்ரி மதிலில் சாய்ந்து, ஒரு வருகையாளரைப்போல, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் என்னைத் தாதி என்றதனால்தான் தாதி சொல்லவேண்டியதை நான் அவருக்குச் சொன்னேன். வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"பாத்தா என்ர நடையை நிப்பாட்டிப் போடுவினம்."

"நிப்பாட்டலாம். ஆனா எவ்வளவு காலம் இருக்கெண்டு தெரிஞ்சா, அதுக்குள்ள என்ன செய்யோணும் எண்டு நீங்களே முடிவெடுக்கலாம்."

கடைசியில், தன் மகளுக்கு இப்போதைக்குச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு, வைத்தியரிடம் என்னையே கூட்டிக்கொண்டு போனார். சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும் நோய். மெதுவாகப் போகும், ஆனால் திரும்பாது. வைத்தியர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, கோப்பி வாங்கித் தந்தார். அழவில்லை. "எனக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டிக் கிடக்கு," என்றார். "சொல்லு இருக்கேக்கையே சொல்லிப்போடோணும்."

அந்த விஷயத்தை எனக்கு மட்டும் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அதற்கு ஒரு சனிக்கிழமையை வைத்தார். கடைசி நடை என்று மகளையும் அழைத்தார். அன்று பாதிக் கதையை நான் சொன்னேன், பாதியை அவர் சொன்னார். ஆளுநர் மாளிகையையும் வண்டி விபத்தையும் என்னிடம் தந்துவிட்டார். மதிலடிக்கு வந்ததும் என்னைக் கையமர்த்தினார். உணவு குறைக்கப்பட்டபோது இங்கிருந்த பெண்கள் கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் பாய்ந்து ரொட்டிக்காகக் கடைகளுக்குள் புகுந்த கதையை வழக்கமாக அங்கே சொல்வார். அன்று அதைச் சொல்லி முடித்து, மதிலில் கையை வைத்தார்.

"என்ர அம்மாவின்ர... அம்மாவின்ர..." என்று தொடங்கிச் சிக்கிக்கொண்டார். தொப்பியைத் தொடவில்லை. நாங்கள் காத்து நின்றோம். மகள் முன்னால் வரப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அன்ரி மறுபடியும் அடியிலிருந்து தொடங்கினார். "என்ர அம்மாவின்ர பூட்டி இதுக்குள்ள இருந்தவ. துணி களவெடுத்ததுக்காக அனுப்பப்பட்டவ. அம்மா அதை வெக்கம் எண்டு மறைச்சவ. நானும் மறைச்சனான். இவ்வளவு காலமும் இதில நிண்டு, யாரோ ஆக்களின்ர கதை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தனான். இது என்ர கதை."

மகளுக்கு அது அன்றுதான் தெரியும். அவள் போய்த் தாயைக் கட்டிக்கொண்டாள். நோயைப் பற்றியும் அதே மதிலடியில் வைத்துத்தான் மகளிடம் சொன்னார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த பரீட்சையில், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். பேசினேன். நேரம் முடிந்துவிட்டது என்று பரீட்சகர் கையைக் காட்டியபோது ஆற்றங்கரையிலிருந்து பாலம்வரைதான் வந்திருந்தேன். சித்தியடைந்த செய்தியை முதலில் கணவருக்குச் சொன்னேன். இரண்டாவதாகத் தொப்பி அன்ரிக்கு. தொலைபேசியில் அவர், "கெட்டிக்காரி" என்ற பொருளில் ஒரு சொல் சொன்னார். அது சரியான சொல்லாக இருக்கவில்லை. எனக்கு விளங்கியது.

பதிவு கிடைத்து நான் முதியோர் வார்ட் ஒன்றில் வேலை தொடங்கியபோது, அவர் குவேக்கர்ஸ் ஹில்லில் மகள் வீட்டோடு போய்விட்டார். 2013இன் இறுதியில் கடைசியாக அங்கே போனேன். பின்வளவில் வெயிலில் ஒரு சாய்வுக் கதிரையில் இருந்தார். என்னைத் தெரியவில்லை. மகள் என் பெயரைச் சொன்னாள்; அவர் மரியாதைக்குச் சிரித்தார். நான் பக்கத்தில் இருந்து, அவருடைய வாக்கியங்களை, அவர் சொன்ன முறையிலேயே, ஆற்றங்கரையிலிருந்து தொடங்கிச் சொல்லத் தொடங்கினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரும்பாலானவை அவருக்குள் போய்ச் சேர்ந்திருக்காது. ஆனாலும் மதிலுக்கு வந்தபோது அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அங்கே இருந்த பெண் உங்கள் அம்மாவின் பூட்டி என்றேன். தலையாட்டினார்.

முடிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். நிறத்தையும் பொட்டையும் பார்த்தார். சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி எடுத்து, "நீங்கள்... இந்த ஊரோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை இந்த நாட்டில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் கடல் தாண்டியிருக்கிற ஓர் ஊரின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன்.

"ஓம் அன்ரி," என்றேன். "இந்த ஊர்தான்."

அவருக்கு அது திருப்தியாக இருந்தது. என் கையை ஒருமுறை தட்டிவிட்டு, வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.