சேற்றில் கரி கீது

எண்ணூர் ஆற்றில் பைபர் படகு வைத்து இறால் பிடிக்கிறவன் நான். இறாலைவிடப் பேச்சு எனக்குப் பிடிக்கும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்கு எலும்பு முறிந்ததா என்று தெரியாது, எனக்கு முறிந்தது.

ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா படகு கேட்டு வந்தார். பனி பெய்கிற வடக்கு நாடுகளின் ஏரிகளில் வேலை செய்தவர். செத்த இலை, பாசி எல்லாம் அடியில் போய்ப் படிகிறது, மேலே சேறு மூடிக்கொள்கிறது, காற்று படாததால் முழுசாக மக்குவதில்லை, அதிலிருக்கிற கார்பன் புகையாகக் கிளம்பாமல் தலைமுறை தலைமுறையாக அங்கேயே கிடக்கிறது என்றார். அனல்மின் நிலையம் சாம்பல் கொட்டிய நம் ஆற்றுச் சேறும் அப்படிப் பிடித்துவைக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டுமாம்.

"கார்பன்னா இன்னாம்மா?"

"கரிதான் அண்ணா."

அது போதாதா எனக்கு? அன்று சாயங்காலமே டீக்கடையில் அவிழ்த்துவிட்டேன். "நம்ம சேத்துல கரி கீதாம்பா. எவ்ளோ கீதுன்னு நாளைக்கு அளக்கப் போறோம்."

எங்கள் ஊரில் கரிக்கு ஒரே அர்த்தம்தான். கப்பலில் வருவது, பெல்ட்டில் அனல்மின் நிலையத்துக்குப் போவது, எரிந்து சாம்பலாகி எங்கள் தண்ணீரில் விழுவது. வடை தீர்வதற்குள் ஆற்றுக்கடியில் சுரங்கமே வந்துவிட்டது. சுரங்கம் வந்தால் பாடு போச்சு. ஆற்றில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று நாங்கள் வைத்திருக்கிற முறைக்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாதவனுக்கு வலை இருந்தும் சோறு இல்லை.

மறுநாள் காலை, அந்த அம்மா ஒரு நீளக் குழாயைச் சேற்றில் இறக்கி, மூடி போட்டுத் தூக்கி, நிமிர்த்திப் பிடித்திருந்தார். மூன்று படகுகள் வந்து எங்களை வளைத்தன. முன்னால் நின்றவர் என் மச்சான், என் பெண்டாட்டியின் அண்ணன். கையில் படகு தள்ளுகிற கோல்.

"இன்னா மாப்ளே, ஆத்தக் கூட்டிக் குடுக்க வந்துகீறியா?"

"அந்தக் கரி இல்ல மச்சான், இது வேற கரி..."

"எந்தக் கரிடா? கறிக்கடைக் கறியா? அரைக் கிலோ குடு!"

மூன்று படகும் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் கோல் இறங்கியது. தடுக்கப்போன இடது கை காய்ந்த சுள்ளி மாதிரி சத்தம் போட்டது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்களே, அடிப்பதே மச்சானாக இருந்தால் என்ன சொல்வது? ஆளி என்று நாங்கள் சொல்கிற சிப்பியின் ஓடுகளைக் கொத்துக் கொத்தாக எடுத்து வீசினார்கள். ஒன்று அந்த அம்மாவின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணை மறைக்க, அவர் குழாயைக் கட்டிக்கொண்டு, "சாய்க்காதீங்க, அடுக்கு கலங்கிடும்!" என்று கத்தினார். தன் தலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மச்சான் எங்கள் படகில் குதித்தார். குழாயைப் பிடுங்கி, வெட்டுக்கத்தியால் இரண்டே போடில் பிளந்தார். சேறு பலகையில் சரிந்தது. மேலே ஒரு சாண் சாம்பல் நிறம், அதற்குக் கீழே கன்னங்கரேல், அடியில் ஆளி ஓடு. கையை விட்டுத் துழாவினார். கட்டி ஒன்றும் தட்டுப்படவில்லை.

"எங்கடா கரி?"

"இந்தக் கறுப்புச் சேத்துலதான்" என்றார் அந்த அம்மா, புருவத்தைப் பொத்தியபடி. "கண்ணுக்குத் தெரியாது. அதை வெட்டி எடுக்க முடியாது. அசைக்காம விட்டாத்தான் அது தங்கும்."

மச்சான் விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு என் கன்னத்தில் சேற்றுக் கையாலேயே ஒன்று விட்டார். "இத அப்பவே டீக்கடைல சொல்றதுக்கு இன்னாடா கேடு உனுக்கு?"

அந்த அம்மா தையல் போட்டுக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. மாவுக்கட்டோடு நடுவில் நின்றேன். இலை, பாசி, பனி ஏரி என்று ஆரம்பித்தேன். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கத வாணாம். எவனாச்சும் தோண்ட வந்தா காட்ட, நீ ஊருக்கு எழுதிக் குடுக்கணும். சேத்துல கரி கீதா, இல்லியா? இல்லன்னா உன் பாடு உனுக்கு. கீதுன்னா பாடு இல்ல."

மச்சான் தலையை ஆட்டி ஆட்டி, இல்லன்னு சொல்லு என்று ஜாடை காட்டினார். எனக்கும் சொல்ல ஆசைதான். ரத்தம் வழிய அந்தக் குழாயைப் பிடித்திருந்தாரே, அந்த அம்மா நினைவு வந்து தொலைத்தது.

"கீது" என்றேன்.

நாலு பேர் பாய்ந்தார்கள். மாவுக்கட்டு உடைந்தது. என்னை இழுத்து வெளியே தள்ளியவர் மச்சான்தான், இன்னும் அடி விழாமலிருக்க. அந்த இறால் காலம் முழுக்க என் இடத்தில் வலை கட்டியவரும் அவர்தான்.